எந்த வடக்கு?

அத்தியாயம் பதினான்கு

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நூற்றிருபது ஆண்டுக்காலம் உலகுக்குத் தங்கம் ஈந்த இம்மண்ணின் வரலாற்றில் இன்று ஒரு புதிய பொன்னேடு புரட்டப்படுகிறது. மூடப்பட்டது சுரங்கமே அன்றி முயற்சி அன்று. மேற்படி சுரங்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியவரும், மூன்று பாராட்டுப் பத்திரங்கள் பெற்றவருமாகிய அடியேனின் இல்லத்துக் கொல்லைப்புறத்தில், இன்று மாலை நான்கு மணி முப்பது நிமிடத்துக்கு..."

"நாலரைன்னே போடலாமேப்பா," என்றாள் மகள், தேநீரை ஆற்றிக்கொண்டே.

"நாலரைன்னு போட்டா பஸ் வர்ற நேரம் மாதிரி இருக்கும்," என்றார் கேப்டன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

காலை ஏழு மணி. கேட்டுக்கொண்டிருந்த சகலமானவர்கள் மொத்தம் மூன்று பேர். மகள், மகன், மாப்பிள்ளை. மகன் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. ஆகவே அவன் கருத்து எதுவும் சொல்லவில்லை.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. கேப்டன் என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு ஒரு கேப்டன் உண்டு. எட்டு மணி நேரம் அறுபது எழுபது பேரை இரண்டாயிரம் அடிக்குக் கீழே இறக்கி, வேலை வாங்கி, எண்ணிக்கை குறையாமல் மேலே கொண்டுவந்து சேர்ப்பவர். சுரங்கம் மூடி இருபது வருஷமாகிறது. பட்டம் மட்டும் மூடப்படவில்லை. தபால்காரர்கூட அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடாத தபால்காரருக்கு இந்த வீட்டில் தண்ணீர் கிடைக்காது.

மகன் போர்வெல் லாரி வைத்திருக்கிறான். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை, மூடிய சுரங்கத்தின் ஆவண அறையில் வரைவாளர். பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது உத்தியோகம். கல்யாணமான புதிதில் "வீடு பார்க்கிற வரைக்கும்" என்று சொல்லி இங்கே வந்தார். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆறு வருஷத்தில் கேப்டன் மாப்பிள்ளையிடம் பேசியது பெரும்பாலும் கதவைச் சாத்துவது, விளக்கை அணைப்பது ஆகியவை பற்றித்தான். மூன்று வாரங்களுக்கு முன் ஒருநாள் மாப்பிள்ளை ஒரு டிரேசிங் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். "மாமா, ரீஃப் நம்ம கொல்லைக்கு அடியில போகுது. அதுவும் வெட்டாத ரீஃப்," என்றார்.

அன்றைக்கு மாறியது நிலைமை.

ரீஃப் என்றால் தங்கம் இருக்கும் வெள்ளைக் கல் பட்டை. இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது கறுத்த பாறை. இருநூற்றெழுபது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கொதித்து வழிந்து ஆறியது. பிறகு பூமி அதைப் பிடித்து நெருக்கியது. பாறை வெடித்தது. வெடிப்பில் ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறி, வெண்கல்லையும் துளித்துளியாகத் தங்கத்தையும் விட்டுவிட்டுப் போனது. அதுதான் ரீஃப்: அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிய அட்டை மாதிரி, கிட்டத்தட்ட செங்குத்தாக, மூன்று நான்கடி தடிமனில் கீழே இறங்கிக்கொண்டே போகும். மனிதனும் அதன் பின்னாலேயே இறங்கிக்கொண்டே போனான். கடைசியில் ஒரு டன் கல்லை உடைத்தால் ஒரு பட்டாணி அளவு தங்கம்தான் என்று ஆனபோது, சுரங்கத்தை மூடிவிட்டு மேலே வந்தான்.

வெட்டாமல் விட்ட இடங்களும் உண்டு. ஆரம்பத்தில் இங்கே நான்கு கம்பெனிகள். ஒருவன் எல்லைக்குள் இன்னொருவன் பூமிக்கடியில் புகுந்துவிடக் கூடாதே என்று, எல்லைக் கோட்டில் அறுபதடி அகலத்துக்கு நல்ல ரீஃபை அப்படியே தூணாக நிறுத்திவைத்தார்கள். எல்லைத் தூண் என்று பெயர். அந்தத் தூண்களில் ஒன்று, மாப்பிள்ளையின் தாளின்படி, கேப்டன் வீட்டுத் துணி காயப்போடும் கொடிக்கு நேர் கீழே.

மறுநாளே கைப்பிடி வைத்த நாற்காலி மாப்பிள்ளைக்கு வந்தது. முதல் டம்ளர் தேநீர் வந்தது. "எங்க வீட்டு சர்வேயர்" என்று பட்டம் வந்தது. போன வாரம் மகனின் லாரியை வைத்துக் கொல்லையில் துளை போடுவதென்று முடிவும் ஆனது. நகராட்சிக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் "குடிநீர்த் தேவைக்காக" என்று எழுதியிருந்தது. தங்கம் வந்தால் தண்ணீரோடு வந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்பது கேப்டனின் நிலைப்பாடு.

"மாப்ள," என்றார் கேப்டன், அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி. "வர்றவங்க பாக்கறதுக்கு ஒரிஜினல் பிளான்லருந்து பெரிசா ஒரு நகல் வேணும். சுவத்துல மாட்டணும். அந்த எதிர் ஷிஃப்டுக்காரன் முன்வரிசையில உக்காருவான். அவன் கண்ணுல படற மாதிரி."

எதிர் ஷிஃப்டுக்காரர் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர். அவரும் கேப்டன்தான். இரண்டு பேரும் முப்பது வருஷம் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரே கூண்டில், ஒருவர் ஏற ஒருவர் இறங்கியவர்கள். அந்த அரை நிமிடச் சந்திப்புகளில் சேர்த்துவைத்த பகையை, ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரையும் கூப்பிட்டிருக்கீங்களா மாமா?"

"அவனுக்காகத்தானே விழாவே."

*

ஆவண அறை பழைய சம்பளப் பட்டுவாடாக் கட்டடத்தில் இருக்கிறது. சன்னல்களில் இன்னும் கம்பி வலை. உள்ளே தகர பீரோக்கள், நீள இழுப்பறைகள், துணியில் வரைந்து சுருட்டிய வரைபடங்கள் ஆறாயிரத்துச் சொச்சம். எது எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் டிரேசிங் அக்கா. சுரங்கம் ஓடிய காலத்தில் படியெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் பூமிக்கடியில் நாற்பதாவது லெவலில் வழி சொல்வார்.

"எதுக்கு இந்த ஷீட்டு?" என்றார், மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த எண்ணைப் பார்த்து.

"வீட்டுல ஒரு விசேஷம்க்கா."

"விசேஷத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பாங்க. பிளான் எடுக்கறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

சுருளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு ஈயக் குண்டுகளை வைத்தார். முதல் கம்பெனி வரைந்த தாள். மாப்பிள்ளை இதை இதற்கு முன் கைபேசியில் ஒன்பது துண்டுகளாகப் படமெடுத்து, வீட்டில் ஒட்டுச் சேர்த்துத்தான் தன் தாளை வரைந்திருந்தார். அந்தத் தாளையும் பெருமையாகப் பக்கத்தில் விரித்தார்.

அக்கா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"எந்த வடக்கு வெச்சு வரைஞ்சீங்க?"

"வடக்குன்னா வடக்குதானேக்கா. அம்புக்குறி போட்டிருக்கே."

"அம்புக்குக் கீழ என்ன எழுதியிருக்கு, படிங்க."

மாப்பிள்ளை குனிந்தார். அம்பின் வாலுக்கு அடியில், எறும்பு வரிசை போலப் பொடி எழுத்தில் ஒரு வரி. அது ஐந்தாவது படத்துக்கும் ஆறாவது படத்துக்கும் நடுவில் விழுந்து, இரண்டிலும் அகப்படாமல் போயிருந்தது. சுரங்க வடக்கு என்று போட்டிருந்தது.

"அப்படின்னா?"

"அப்படின்னா அது வடக்கு இல்ல."

முதல் தலைமை என்ஜினியர் சிக்கனமான மனிதர் என்றார் அக்கா. ரீஃப் இங்கே நேர் வடக்காக ஓடாமல் கொஞ்சம் கிழக்கே சாய்ந்து ஓடுகிறது. தாளில் வரைந்தால் மூலைக்கு மூலை குறுக்கே போகும். இரண்டு பக்கமும் துணி வீண். மேஜையும் அகலம் போதவில்லை. பூமியைத் திருப்ப முடியாது. புது மேஜை வாங்க மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். எனவே ரீஃப் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே வடக்கு என்று ஓர் உத்தரவு போட்டார். தாளில் எல்லாம் நேராக வந்தன. நாற்பது வருஷம் இந்த வட்டாரத்தில் பூமிக்கு மேலே ஒரு வடக்கு, கீழே ஒரு வடக்கு. நான்கு கம்பெனியும் ஒன்றான பிறகுதான் வடக்கு தன் இடத்துக்குத் திரும்பியது.

மாப்பிள்ளை எட்டு வருஷமாக ஸ்கேன் செய்வதெல்லாம் ஒன்றான பிறகு வரைந்த தாள்கள். அவற்றில் வடக்கு யோக்கியமாக இருக்கும்.

"ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்க்கா?"

"பதினேழு டிகிரி. போட்டோவுல பாத்தா வரைஞ்சீங்க?"

ஒரு வரைவாளர் எந்தத் தாளைத் தொட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது வடக்கை. சமையல்காரர் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது மாதிரி. இதை வெளியில் சொன்னால் ஊரில் வேறு யாருக்கும் புரியாது. ஆவண அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும், அவர்கள் வாழ்நாள் முழுக்க மறக்கவும் மாட்டார்கள்.

மாப்பிள்ளை தன் தாளை ஊர்த் தெருப்படத்தின் மேல் வைத்தார். சுரங்கத்துக்குள் இறங்கும் மூன்றாம் நம்பர் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் இன்றும் நிற்கிறது; அந்தப் புள்ளியில் ஓர் ஊசியைக் குத்தினார். தாளைப் பதினேழு டிகிரி சுழற்றினார். வீடு ஷாஃப்டிலிருந்து நானூறு மீட்டர். நானூறு மீட்டரில் பதினேழு டிகிரி என்றால் நூற்றிருபது மீட்டர் நகர்வு. கணக்கு மனசிலேயே வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

எல்லைத் தூண் கேப்டன் வீட்டுக் கொல்லையைவிட்டு மெல்லக் கிளம்பியது. மதில் தாண்டியது. தெருவைக் கடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அடியில் போய் நின்றது.

மாப்பிள்ளை வீட்டெண்ணைப் படித்தார். எதிர் ஷிஃப்டுக்காரர் வீடு. துல்லியமாகச் சொன்னால், குளியலறை.

*

மருந்துக்கடைக்கு நடந்துபோகும் கால்மணி நேரத்தில் மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய நியாயமே இருந்தது. ரீஃப் என்பது ஓர் இடத்தில் நாலடி தடிமன் இருக்கும். பத்தடி தள்ளி விரல் தடிமன் ஆகும். அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். இருநூறு அடி துளை போட்டு வெறும் கறுப்புத் தூள் வந்தால், ரீஃப் இங்கே ஒதுங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். நூற்றிருபது வருஷமாக எத்தனையோ என்ஜினியர்கள் தங்கள் தப்பையெல்லாம் பாறையின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பாறை ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை.

மனைவி கவுன்டரில் ஒரு மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து அவளுக்கு முகத்தைப் படிப்பது சுலபமாகிவிட்டிருந்தது.

"ஏங்க, என்ன ஆச்சு? தலைவலியா, வயித்து வலியா?"

"வடக்கு."

சொன்னார். வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்து, மீதியையும் சொன்னார். குளியலறை என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், இருமல் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சிரித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லப் போறதில்ல."

"அப்படியா."

"துளை போடட்டும். ஒண்ணும் வராது. ரீஃப் ஒதுங்கிடுச்சுன்னு சொல்லிடறேன். கேக்கறவங்க நம்பிடுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"நான்தான். நான்தானே சர்வேயர்."

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணுமில்லங்க. நான் சொன்னா அப்பா என்னைத் திட்டுவாரு. நீங்க சொன்னா உங்களைத் திட்டுவாரு. அது ஏற்கெனவே பழக்கமான ஏற்பாடு. ஆனா பொய் சொல்லி வாங்கின மரியாதையில எத்தன நாள் ஓட்டுவீங்க?"

"வாங்கறப்ப பொய் இல்லையே. தெரியாமத்தானே சொன்னேன்."

"இப்பத் தெரியுமில்ல."

தெருவில் ஒரு வேன் ஒலிபெருக்கியோடு போனது. நான்கு மணி முப்பது நிமிடத்துக்கு என்று அறிவித்துக்கொண்டே போனது.

"சரி," என்றாள் அவள், அட்டையை அடுக்கியபடியே. "தூணு அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. நம்ம வீட்டுக்கு அடியில என்ன வந்துச்சு?"

"என்ன வந்துச்சுன்னா?"

"இங்க ஒரு டப்பாவ நகத்தினா அந்த இடத்துக்கு இன்னொரு டப்பா வரும். உங்க தாள்ல முழுசும் ஏதாவது வரைஞ்சிருக்குமில்ல. மொத்தத் தாளும்தானே சுத்துச்சு. நம்ம வீட்டு மேல வந்தது எது?"

மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷ அனுபவமுள்ள வரைவாளர் பார்க்காமல் வந்த விஷயத்தை, இருமல் மருந்து விற்கிறவள் கேட்டுவிட்டாள்.

"பாக்கலியா?"

"எதிர் ஷிஃப்டுக்காரர் குளியலறையப் பாத்ததும் கிளம்பிட்டேன்."

"போய்ப் பாத்துட்டு வாங்க. நான் மூணு மணிக்கு வீட்டுக்குப் போறேன். நாப்பது பேருக்குத் தேநீர் போடணுமாம்."

*

அவர் மறுபடி ஆவண அறைக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. நடுவில் நகல் எடுக்கும் கடையில் வரிசை. கேப்டன் கேட்ட பெரிய நகலை, கொடுத்த வாக்குக்காக, கைபேசியில் இருந்த ஒட்டுப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டுதான் வந்தார். தப்பான படமாகவே இருந்தாலும் கேப்டன் கேட்டது கேட்டதுதான்.

ஊசி குத்திய இடத்திலேயே தாள் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

கேப்டன் வீட்டின் மேல் இப்போது ஒரு மெல்லிய கோடு. பெரிய ரீஃபுக்கு இணையாக ஓடும் இன்னொன்று. சின்ன ரீஃப். கோட்டின் இரண்டு பக்கமும் வெளிர்பச்சை பூசியிருந்தது.

இந்தத் துறையில் வண்ணம் அழகுக்குப் பூசுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்று காட்ட வருஷத்துக்கு ஒரு வண்ணம். வெள்ளையாக இருந்தால் பாறை இருக்கிறது. வண்ணம் இருந்தால் பாறை இல்லை.

"பச்சைன்னா எந்த வருஷம்க்கா?"

"கம்பெனி ஆரம்பிச்சு மூணாவது வருஷம். சின்ன ரீஃபா? அது மேலதான் நல்ல சரக்கு. கம்பெனி ஆளுங்க வெட்டல, குத்தகைக் குழுவுக்கு விட்டாங்க. கீழருந்து தோண்டிக்கிட்டே மேல வந்தானுங்க. எங்க நிறுத்தினானுங்கன்னு இன்னொரு ஷீட்டுல இருக்கும்."

எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு இழுப்பறையைத் திறந்தார். இது பக்கவாட்டுப் படம். பூமியைக் கத்தியால் நறுக்கி ஓரத்தைக் காட்டியது மாதிரி. மேலே தரைமட்டம் ஒரு கோடு. அதற்குக் கீழே பச்சை, நூற்றெண்பது அடி உயரத்துக்கு எழும்பி, ஏறக்குறைய அந்தக் கோட்டைத் தொடுவதுபோல் நின்றது. பச்சைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் எண்.

"பதினொண்ணு," என்று படித்தார் மாப்பிள்ளை. "அடியா, மீட்டராக்கா?"

"அந்தக் காலத்துல மீட்டர் ஏது?"

மாப்பிள்ளை அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"வெட்டினப்புறம் நிரப்பியிருப்பாங்க இல்லக்கா?"

"நிரப்பினா புள்ளி வெச்சிருப்பாங்க. இதுல புள்ளி இல்ல. மேல மரம் முட்டுக் கொடுத்து விட்டுட்டுப் போயிருப்பாங்க. அந்தக் காலத்து மரம். இப்ப அத மரம்னு சொல்ல முடியாது."

"வீடு எழுபது வருஷமா நிக்குது."

"வீடு தன்பாட்டுக்கு நிக்கும். ஆட்டாத வரைக்கும்."

எவ்வளவு மழை பெய்தாலும் கேப்டன் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்குவதில்லை. தான் வெட்டிய வாய்க்காலின் சரிவு அப்படி என்று கேப்டன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தண்ணீர் எங்கே போகிறது என்று மாப்பிள்ளைக்கு இப்போது தெரிந்தது.

"அங்க என்ன விசேஷம்னு சொன்னீங்க?"

"போர் போடறாங்க."

"லாரி எத்தன டன்?"

"இருபத்திரண்டு. நாலு ஜாக்கி மேல தூக்கி நிறுத்தி, சுத்தியல் மாதிரி அடிச்சு அடிச்சு இறக்குவாங்க."

அக்கா மீதி ரொட்டியை டப்பாவில் வைத்து மூடினார். "போங்க," என்றார். "ஷீட்டை நான் சுருட்டிக்கறேன்."

மாப்பிள்ளை ஆட்டோவில் ஏறிக்கொண்டே கேப்டனுக்குப் போன் செய்தார். அணைத்துவைக்கப்பட்டிருந்தது, பேருரைக்கு முன் கேப்டன் போனை அணைத்துவிடுவார். மச்சினன் எடுத்தான். கம்ப்ரஸர் சத்தத்தில் "ஆமா மச்சான், நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். மூன்றாவதாக மனைவி.

"பச்சை," என்றார் மாப்பிள்ளை.

"தமிழ்ல சொல்லுங்க."

"வீட்டுக்கு அடியில வெட்டி எடுத்துட்டாங்க. காலியா இருக்கு. லாரி உள்ள வரக்கூடாது."

பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் யாருடையது என்று கேட்டாலே தெரியும்.

"அப்பா மைக்கைப் பிடிச்சிட்டாரு," என்றாள். "அவர் கையிலருந்து மைக்கை வாங்கறதுக்கு எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஆள் பொறக்கல. அத நீங்க பாத்துக்கோங்க. லாரிய நான் பாத்துக்கறேன்."

*

ஆட்டோ தெருமுனை திரும்பியபோது மஞ்சள் லாரியின் முகம் கொல்லைக் கதவுக்கு வெளியே ஓர் அடியில் நின்றிருந்தது. அதன் முன்னால் அவர் மனைவி, கையில் தேநீர்த் தட்டோடு.

"எருமை மாதிரி வராத. மதில்ல இடிக்கும். அளந்து பாரு," என்றாள்.

"நாலு தடவ அளந்துட்டேன்க்கா," என்றான் தம்பி, சன்னல் வழியாகத் தலையை நீட்டி. "ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் இருக்கு."

"அஞ்சாவது தடவ அள. கண்ணாடிய மடக்கிட்டு அள."

"அக்கா, இது என் தொழிலு."

"அது என் மதிலு."

மாப்பிள்ளை அவளைத் தாண்டும்போது அவள் முகத்தைத் திருப்பாமல், "உள்ள போங்க. இதுக்கு மேல என்னால அளக்க முடியாது," என்றாள்.

கொல்லையில் வாடகை நாற்காலிகள் நான்கு வரிசை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், நகராட்சியிலிருந்து ஒருவர், பழைய சுரங்கத் தொழிலாளர்கள் முப்பத்துச் சொச்சம். முன்வரிசை நடுவில் எதிர் ஷிஃப்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு, வாயின் ஓர் ஓரத்தால் சிரித்தபடி. மேடை என்பது சாப்பாட்டு மேஜை. அதன் மேல் கேப்டன், பாராட்டுப் பத்திரம் வாங்கிய அன்று போட்ட கோட்டோடும், பளபளக்கும் பூட்ஸோடும்.

"...நான்கு கம்பெனிகள் வந்தன, போயின. ராஜாக்கள் வந்தனர், போயினர். என்ஜினியர்கள் வந்தனர், போயினர். கேப்டன் மட்டும் போகவில்லை. நண்பர்களே, இந்தப் பாறையோடு நாற்பதாண்டு பேசியவன் நான். அது என்னிடம் எதையும் மறைத்ததில்லை."

"எங்க வீட்டுப் பக்கம் ஒண்ணும் வராதா கேப்டன்?" என்றார் எதிர் ஷிஃப்டுக்காரர்.

"வருவதற்கும் ஒரு தகுதி வேண்டும்," என்றார் கேப்டன். கூட்டம் சிரித்தது. அவர் மேஜையிலிருந்து தரைக்குக் குதித்து, தன் கருத்துக்கு அழுத்தம் கொடுக்கப் பூட்ஸ் காலால் இரண்டு முறை தரையை ஓங்கி மிதித்தார். "இங்கே இருக்கிறது. இதோ, இங்கே."

மாப்பிள்ளை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் அவரைக் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "இதோ வந்துவிட்டார். உங்களுக்கெல்லாம் இவர் ஆவண அறைக்காரர். எனக்கு இவர் மருமகன் அல்ல. இன்னொரு மகன். ரகசியத்தைக் கண்டுபிடித்த மேதை. அவர் வாயாலேயே கேளுங்கள்."

ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தானாகவே மைக்கை இன்னொரு கைக்குக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வாங்கினார். மைக் சூடாக இருந்தது. முன்வரிசையில் அந்த ஓரச் சிரிப்பு. பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். ரீஃப் ஒதுங்கிவிட்டது என்று சொல்லும் வாய்ப்பு இனி இல்லை. அது துளை போட்ட பிறகு சொல்ல வேண்டிய பொய்.

"நான் வரைஞ்ச பிளான் தப்பு," என்றார். ஒலிபெருக்கி அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது. "வடக்கைத் தப்பா எடுத்துட்டேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல. முழுக்க என்னோடது. எழுதிக்கறவங்க அப்படியே எழுதிக்கலாம்."

யாரோ இருமினார்கள். எதிர் ஷிஃப்டுக்காரரின் சிரிப்பு வாயின் இன்னொரு ஓரத்துக்கும் பரவியது.

"மச்சான், லாரிய அங்கயே நிறுத்துங்க. என்ஜினை அணைங்க. கம்ப்ரஸரையும். எல்லாரும் கடைசி வரிசையிலருந்து, ஒவ்வொருத்தரா, தெருவுக்குப் போங்க. ஓட வேணாம். குதிக்க வேணாம்."

முதலில் எழுந்தவர்கள் பழைய சுரங்கத் தொழிலாளர்கள். ஏன் என்று கேட்கவில்லை. இந்தக் குரலில் ஒருவர் மெதுவாகப் போகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். நாற்காலிகளைத் தள்ளாமல், தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள். எதிர் ஷிஃப்டுக்காரரும் கட்டிய கையை அவிழ்த்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு எந்த ஓரத்திலும் இல்லை.

கேப்டன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கழுத்து சிவந்திருந்தது. மைக் இல்லாமலே அவர் குரல் நான்கு வரிசைக்கும் கேட்டது.

"என்ன மாப்ள விளையாட்டு இது? அப்ப அடியில தங்கம் இல்லையா?"

"இல்ல மாமா."

"பின்ன என்னதான் இருக்கு?"

"பதினோரு அடிக்குக் கீழ ஒண்ணும் இல்ல."